ட்ரெட்மில் வாங்கலாமா, அண்ணி

மேடவாக்கம்
12.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுபத்ராவின் வணக்கம். தீபா, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் சுகம்தானே? குழந்தை குப்புற விழுகிறதா? ஓசூரில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். வெளியே போனால் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் போனில் சரியாகக் கேட்பதில்லை என்பதால் மாதம் தவறாமல் உங்கள் தம்பிதான் கடிதம் எழுதுவார். கடைசி வரியில் ‘சுபத்ராவும் விசாரித்தாள்’ என்று நானும் வந்து போவேன். இனி நான்தான் எழுத வேண்டும். அவர் போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. இன்று ஒரு விஷயம் கேட்க வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரமாவது நட என்கிறார் டாக்டர். வெளியே போய் நடக்க எனக்கு முடியாது. தண்ணீர் லாரிகள் வரும் ரோடு உங்களுக்குத் தெரியும். வீட்டிலேயே நடக்க ட்ரெட்மில் வாங்கலாம்மா என்று மஸ்கட்டிலிருந்து வினோத் தினமும் சொல்கிறான். போனில் படம் படமாக அனுப்புகிறான். மடக்கி வைப்பது, மடக்க முடியாதது, சரிவு ஏற்றுவது, ஏற்றாதது. ஹாலில் பால்கனிக் கதவை ஒட்டி இடம் இருக்கிறது. டேப் வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன். மெஷின் வைத்தால் கதவு பாதிதான் திறக்கும்.

வாங்கலாமா, வேண்டாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இது மட்டும் இல்லை. போன வாரம் மளிகைக் கடையில் ‘துவரம் பருப்பா, பாசிப் பருப்பாம்மா’ என்று கேட்டார்கள். பதில் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள் அண்ணி. வாங்கு என்றால் வாங்குகிறேன்.

தங்கள்
சுபத்ரா


ஓசூர்
2.2.2025

சுபத்ராவுக்கு லோகநாயகியின் ஆசி.

இங்கு எல்லோரும் சௌக்கியம். குழந்தை குப்புற விழுந்து, இப்போது நகரவும் பார்க்கிறது. தீபா வேலைக்குத் திரும்பிவிட்டாள், பகல் முழுக்க அது என் கையில். அதனால்தான் பதில் தாமதம்.

சர்க்கரைக்கு மாத்திரையை ஒழுங்காகப் போடு. அரிசியைக் குறை.

மெஷின் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். உன் வீட்டில் எது வாங்க வேண்டும், எது கூடாது என்பதை எப்போதும் நீதானே முடிவு செய்வாய்.

தம்பி பாபுவின் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதே. நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

லோகநாயகி


மேடவாக்கம்
16.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. குழந்தை நகர்வதைக் கேட்டுச் சந்தோஷம். நகர ஆரம்பித்தால் கீழே கிடக்கும் எதையும் வாயில் போடும், பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கண்ணாடி பத்திரமாக இருக்கிறது.

கீழ் வீட்டு பியூலா டீச்சரை உங்களுக்குத் தெரியும். சர்ச்சுக்குப் போகும்போது உங்களுக்கும் ஒருமுறை கேக் கொண்டுவந்து கொடுத்தார்களே, அவர்கள்தான். நான் ஒரு மாதமாக மெஷின் படங்களையே பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, நேரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தாம்பரத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்கள்.

கடை முழுக்க மெஷின்கள். ஒரு பையன் ஓடி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஏறி நில்லுங்கள் என்றான், நின்றேன். ஸ்விட்ச் போடட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். அசையாத மெஷின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே கண்ணாடி. அதில் தெரிந்தவள் யாரோ போல இருந்தாள்.

அந்தப் பையன், “வீட்ல ரெண்டு பேரும் யூஸ் பண்ணுவீங்களா ஆன்ட்டி? சார் எவ்ளோ வெயிட் இருப்பாரு?” என்று கேட்டான். மெஷின் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம்.

எண்பத்திரண்டு என்றேன். அவன் அதை எழுதிக்கொண்டான். பியூலா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அண்ணி. பஸ்ஸில் வரும்போது, அப்படிச் சொல்லிவிட்டோமே என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

எதையும் வாங்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

தங்கள்
சுபத்ரா


ஓசூர்
10.3.2025

சுபத்ராவுக்கு ஆசி.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எண்பத்திரண்டு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்திலேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் படிக்க நான்கு நாள் ஆனது.

ஒன்று கேட்கிறேன். நடப்பதற்கு மெஷின் எதற்கு? ஏரிக்கரை இருக்கிறதே. தினமும் காலையில் நீ அவனை அனுப்பிய ஏரிக்கரைதானே அது. அவனுக்கு நல்லது என்றால் உனக்கும் நல்லதுதான்.

குழந்தை அழுகிறது.

லோகநாயகி


மேடவாக்கம்
20.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று வந்தது.

நீங்கள் கேட்டது நியாயம். யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன் போலிருக்கிறது. வினோத்திடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

போன வருடம் மே மாதம் அவர்தான் முதலில் ட்ரெட்மில் கேட்டார். வெயிலில் ஏரிக்கரைக்குப் போக முடியவில்லை, வீட்டிலேயே மெதுவாக நடக்கிறேன் என்றார். நான் சிரித்தேன். ஈரத்துணி காயப்போடத்தான் ஆகும் என்றேன். இடத்தை அடைக்கும் என்றேன். இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

நிலத்தை அபார்ட்மெண்ட் கட்டக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த இரண்டு வீடுகளை வாங்கிக்கொண்ட பிறகு அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. உட்கார்ந்தே இருந்தார். தொந்தி போட்டது. நான்தான் தினமும் எழுப்பி அனுப்புவேன். கோபத்தில் செய்யவில்லை அண்ணி. நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை, “இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன் சுபத்ரா” என்றார். சாக்குச் சொல்லாதீங்க என்று போர்வையை உருவினேன். பல் தேய்த்தார், சட்டை போட்டார், செருப்பை மாட்டினார். கதவைச் சாத்தினேன். ஏழே காலுக்கு யாரோ போன் செய்தார்கள்.

அவ்வளவுதான். ஏரிக்கரைக்கு நான் ஏன் போவதில்லை என்று கேட்டீர்கள். இதுதான்.

தங்கள்
சுபத்ரா


மேடவாக்கம்
11.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன். ஏழு வாரமாகப் பதில் இல்லை. எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தும் தபால்காரர் வரும் நேரத்தில் கீழே போய் நிற்கிறேன். ஏறும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

மெஷின் வாங்கப் போவதாக டாக்டரிடம் சொன்னேன். வாங்குவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு. முந்தாநாள் ஏரிக்கரைக்குப் போனேன். நடக்கவில்லை. அவர் விழுந்த இடம் எது என்று பார்க்கப் போனேன். இத்தனை மாதம் அதைக்கூட நான் பார்க்கவில்லை.

கரை திரும்பும் முனையில் தார்ப்பாய் கட்டி ஓர் அம்மாள் மீன் விற்கிறாள். பெயர் கிளியம்மாள், கோவளம் பக்கத்துக் குப்பம். விடிந்ததும் ஆட்டோவில் கூடையோடு வந்துவிடுவாளாம். நான் அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு என்ன வேண்டும் என்று கேட்டாள். போன ஆகஸ்டில் இங்கே ஒருவர் விழுந்தாரே என்றேன்.

“நீ அந்தப் பேப்பர் சாரு சம்சாரமா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நடக்க வருவாரே, அவர் என்றேன்.

“அவரு எங்கம்மா நடந்தாரு? வந்தா இதோ இந்தக் கல்லு மேல குந்திக்குவாரு. பேப்பர் படிச்சிகினு இருப்பாரு. எனக்கும் படிச்சிக் காட்டுவாரு. நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும் அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ சாருன்னு எத்தினி வாட்டி சொன்னேன். வூட்ல தெரிஞ்சா பேஜாராய்டும், வுடு கிளியம்மான்னுவாரு.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். வெயில் காலத்திலிருந்தே என்றாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்துக் குழாயில் முகத்தைக் கழுவி, கழுத்து, காலர் எல்லாம் நனைத்துக்கொண்டு போவாராம். அண்ணி, அந்தச் சட்டையைத் தினமும் துவைத்தவள் நான். காலர் ஈரமாக இருக்கும். நன்றாக வியர்த்திருக்கிறது, இன்று நன்றாக நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அன்றும் உட்கார்ந்துதான் இருந்தாராம். தண்ணீர் கேட்டாராம். “நான் பாட்டில எடுத்துகினு திரும்பறேன், அப்டியே சாஞ்சிட்டாரு. என் மடியிலதான் தலைய வெச்சிகினேன். மீன் கவுச்சி அடிக்குமேன்னுகூடத் தோணல,” என்றாள். அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஒன்பது மாதமாக, நடக்க வைத்துக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நடக்கவே இல்லை. இது தெரிந்ததும் எனக்கு ஓர் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீன்காரியிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேன். இரண்டில் எது கனம் என்று தெரியவில்லை. இரண்டுமே வேறு யாருடையதோ போலத் தூரத்தில் இருக்கின்றன.

சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

தங்கள்
சுபத்ரா


ஓசூர்
24.5.2025

அன்புள்ள சுபத்ராவுக்கு,

லோகநாயகி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம், உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

உன் மார்ச் கடிதத்துக்கு நான் பதில் போடாதது கோபத்தால்தான். நீ ட்ரெட்மில் வேண்டாம் என்று சொன்னது எனக்கு முன்பே தெரியும். பாபு எழுதியிருந்தான். ஜனவரியில் அதே மெஷினை உனக்காக வாங்கலாமா என்று என்னிடமே கேட்டாய். எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் குத்திக் குத்தி எழுதினேன்.

ஆனால் பாபு அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தான். அதை நீ படித்ததில்லை. என் பெட்டியில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

‘கொஞ்ச நாளாக இடது கை மரத்துப் போகிறது அக்கா. படி ஏறினால் நெஞ்சில் ஒரு பிடிப்பு. வாயுவாக இருக்கும். சுபத்ராவிடம் சொல்லாதே, பயந்து ஊரைக் கூட்டிவிடுவாள்.’

போன வருடம் ஜூலை இருபத்திரண்டாம் தேதி இது எனக்குக் கிடைத்தது. தீபாவுக்குப் பிரசவ நேரம். ஆஸ்பத்திரியில் படித்தேன். உடனே டாக்டரைப் பார் என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். குழந்தை பிறந்தது. கடிதம் என் பைக்குள்ளேயே கிடந்தது. உனக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம். தீபாவை விட்டுப் போனில் சொல்லச் சொல்லியிருக்கலாம். பதினெட்டு நாள் இருந்தது, சுபத்ரா. பிறகு வினோத்திடமிருந்து போன் வந்தது.

இதை நான் யாருக்கும் காட்டவில்லை. உன் மீது கோபமாக இருந்தால் இந்தக் கடிதத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை என்று இருந்தேன். நீ உன் கதையைச் சொன்ன பிறகு அப்படி இருக்க முடியவில்லை. இருந்தும் ஏழு வாரம் இருந்து பார்த்தேன்.

ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று தபால்காரர் பேச்சுக்கு நடுவில் ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அவனும் இப்படித்தான் ஒரு வரி எழுதினான். இந்த முறை நான் அதைப் பைக்குள் வைக்கப் போவதில்லை. ஃபிரிட்ஜ் மேலிருக்கும் சீட்டை எடு. இந்த வாரமே போ. மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

தீபாவை விட்டு வினோத்துக்கும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

லோகநாயகி


மேடவாக்கம்
9.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவர் எழுதிய வரிகளை மட்டும் இரண்டாவது முறை படிக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எதன் மேலும் வருத்தம் வரவில்லை, அதனால் இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்குப் போனேன். கூட ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார்கள். பியூலா டீச்சர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். நெஞ்சில் பத்து இடத்தில் ஒட்டி ஒயர் மாட்டினார்கள். டெஸ்ட் எடுக்கிற பெண் சின்ன வயசு. பெல்ட் நகர ஆரம்பித்தது. கீழே பார்க்காமல் நடங்கள் என்றாள்.

கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றும் போட விடாத ஸ்விட்ச். இங்கே என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள்.

மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மெஷின் முன்பக்கம் உயர்ந்தது. வேகமும் கூடியது. “முடியுதாம்மா?” என்று கேட்டாள். முடியுது என்றேன். யோசிக்காமல் வந்தது. பத்து மாதமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குவது போல இருந்தது. இடது தோள்வரை போனது. அவள் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள், “முடியுதாம்மா?”

முடியுது என்று சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணி. அவரும் இப்படித்தான் வாயைத் திறந்திருப்பார்.

“இல்லம்மா. முடியல. நெஞ்ச அடைக்குது. நிறுத்திடு” என்றேன்.

உடனே நிறுத்திப் படுக்க வைத்தாள். சொன்னது நல்லதாகப் போயிற்று, பாதிப் பேர் சொல்வதில்லை என்றாள்.

அடைப்பு இருக்கும் போலிருக்கிறது. ஆஞ்சியோ செய்தால்தான் எவ்வளவு என்று தெரியுமாம். இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் ஒன்று கேட்டேன். என் வீட்டுக்காரர் இந்த டெஸ்ட் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று. அவர் என் காகிதங்களை மடித்து வைத்தார். தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வினோத்துக்கு லீவு கிடைக்கவில்லை. பியூலா டீச்சர் இருக்கிறார்கள். நீங்கள் குழந்தையை விட்டுவிட்டு வர வேண்டாம்.

இப்படி எழுதக்கூடாது. சரியாகச் சொல்கிறேன். நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

தங்கள்
சுபத்ரா


ஓசூர்
14.6.2025

சுபத்ராவுக்கு,

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளையின் அம்மா வருகிறார்கள். பதினெட்டாம் தேதி மாப்பிள்ளை என்னைக் காரில் கொண்டுவந்து விடுகிறார். பாபுவின் கடிதத்தையும் எடுத்து வருகிறேன். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சேர்ந்து முடிவு செய்யலாம். அதுவரை மாடிப்படி ஏறி இறங்காதே. தபால்காரருக்காக நிற்க வேண்டாம், நான் எழுத மாட்டேன்.

லோகநாயகி


மேடவாக்கம்
24.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுபத்ராவின் வணக்கம். ஓசூர் போய்ச் சேர்ந்ததும் தீபா போன் செய்தாள். குழந்தை உங்களை அடையாளம் தெரியாமல் அழுததாமே. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று டாக்டர் பார்த்தார். நன்றாக இருக்கிறதாம். நீங்கள் இல்லாமல் வீடு அமைதியாக இருக்கிறது. உங்களுக்குக் கேட்பதற்காக நான் கத்திக் கத்திப் பேசியதில், இப்போது பால்காரரிடமும் கத்துகிறேன்.

நாம் இருவரும் தாம்பரம் கடைக்குப் போன நாளைப் பற்றி பியூலா டீச்சரிடம் சொன்னேன். நீங்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின் மேல் நடந்ததையும், அந்தப் பையன் போதும் போதும் என்று சொன்னது காதில் விழாமல் நடந்துகொண்டே இருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது சிரித்துவிட்டேன். டீச்சர் என்னையே பார்த்தார்கள்.

திதி முடிந்த மறுநாள் வினோத் மறுபடி கேட்டான், ஆர்டர் போட்டுவிடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். ஏனம்மா என்றான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடந்தால், முடியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றேன். ஒரு வருடத்தில் நானாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். சரியா தவறா என்று உங்களைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

காலையில் டீச்சரும் நானும் ஏரிக்கரையில் நடக்கிறோம். டாக்டர் இருபது நிமிடம் சொல்லியிருக்கிறார். கிளியம்மாள் இருக்கிறாள். அந்தக் கல்லில் நான் உட்காருவதில்லை. தாண்டிப் போகும்போது சில நாள் பார்க்கிறேன், சில நாள் பார்ப்பதில்லை. மனசு இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது அண்ணி. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

டீச்சருக்குச் சளி என்பதால் நேற்று தனியாகப் போனேன். பாதி வழியில் கால் ஓய்ந்துவிட்டது. வலி ஒன்றும் இல்லை, வெறும் அசதி. திரும்பிவிட்டேன். வீட்டுப் படியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்கள், இருபது நிமிடமும் நடந்தீர்களா என்று கேட்டார்கள்.

ஆறு நிமிடம்தான் நடந்தேன் என்று சொன்னேன்.

என்றும் உங்கள்
சுபத்ரா